திடீரெனப் பார்வை போன நாய்: விழித்திரையும் ரத்தமும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ காக்களூர் தொழிற்பேட்டையிலோ காவலுக்கு இருக்கும் ஒரு நாய், முந்தாநாள் வரை கேட்டைத் திறக்கும் சத்தத்துக்கே ஓடிவந்தது, இன்று தண்ணீர்த் தொட்டியில் முட்டிக்கொண்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து நடப்பதை ஊகிக்க அதிக அனுபவம் தேவையில்லை. யாராவது ஒருவர் மருந்துக் கடைக்குப் போய்க் கண் சொட்டு மருந்து வாங்கி வருவார். இன்னொருவர் விளக்கெண்ணெய் விடச் சொல்வார். வயதாகிவிட்டது, புரை விழுந்திருக்கும் என்று மூன்றாமவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார். ஒரு வாரம், பத்து நாள் இப்படியே போகும். விழித்திரையைக் காப்பாற்ற வாய்ப்பு இருந்தது அந்தப் பத்து நாளில்தான். உண்ணியும் ஈரப்பதமும் எலி மருந்து வைத்த கிடங்குகளும் ஒன்றுசேர்ந்த திருவள்ளூர் மாவட்டத்தில், ஒரு நாயின் பார்வை திடீரெனப் போனால் அதைக் கண் நோயாக நினைப்பதற்கு முன் ரத்த நோயாக நினைக்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். முதலில் எடுக்க வேண்டியது ரத்த மாதிரியும் ரத்த அழுத்த அளவும். சொட்டு மருந்தெல்லாம் அதற்குப் பிறகு.

இதற்கு முதல் ஆதாரம் கண்ணின் அமைப்பு. விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரில் படிந்த மெல்லிய நரம்புப் படலம். அதன் வெளிப்பாதியில் ஒளியை உணரும் செல்கள் இருக்கின்றன. இவற்றுக்கு உணவும் உயிர்வளியும் தருவது விழித்திரைக்குப் பின்னால் உள்ள ரத்தக்குழாய் அடுக்கு. உடலிலேயே எடைக்கு எடை மிக அதிக ரத்தம் ஓடும் திசுக்களில் இந்த அடுக்கும் ஒன்று. ஆகவே ரத்தத்தில் என்ன கோளாறு வந்தாலும், கிருமியோ பிளேட்லெட் குறைவோ மிகையான அழுத்தமோ, அது சீக்கிரம் தெரியும் இடங்களில் விழித்திரை முன்னணியில் நிற்கிறது. ரத்தமோ நீரோ இடையில் கசிந்தால், ஈரம் ஏறிய சுவரிலிருந்து பூச்சு பெயர்வதுபோல விழித்திரை தன் அடித்தளத்திலிருந்து பிரிகிறது. பிரிந்த பகுதிக்கு உணவு போவதில்லை. சில நாட்களிலேயே ஒளியுணர் செல்கள் கெடத் தொடங்குகின்றன. வாரங்கள் கடந்தால், பின்னர் அது மீண்டும் ஒட்டிக்கொண்டாலும் பார்வை திரும்புவது அரிது. கண்ணின் மேற்பரப்பில் விடும் சொட்டு மருந்து முன்பகுதி அழற்சிக்கு உதவும். பின்சுவரை அது போதிய அளவில் எட்டுவதில்லை.

இரண்டாவது ஆதாரம் வரலாற்றில் இருக்கிறது. ரத்தத்தைத் தாக்கும் எர்லிக்கியா கேனிஸ் என்ற கிருமியை 1935-ல் அல்ஜீரியாவில் நாய்களில் முதலில் கண்டறிந்தார்கள். ஒன்பதே ஆண்டுகளில், 1944-ல், முதலியார் என்ற ஆய்வாளர் தென்னிந்திய நாய்களில் இந்நோய் இருப்பதை இந்தியக் கால்நடை மருத்துவ இதழில் பதிவுசெய்தார். ஆக, நம் பகுதிக்கு இது புதிதாக வந்த நோயே அல்ல. இதைப் பரப்புவது பழுப்பு நாய் உண்ணி. 1960-களின் இறுதியில் வியட்நாமில் இருந்த அமெரிக்க ராணுவ நாய்களில் நூற்றுக்கும் மேற்பட்டவை, பெரும்பாலும் ஜெர்மன் ஷெப்பர்டுகள், மூக்கில் ரத்தம் ஒழுக இந்த நோயால் செத்தன. நம் தொழிற்சாலைகளும் காவலுக்கு விரும்பி வாங்குவது அதே இனத்தைத்தான். வெப்பநாட்டில் வெட்டவெளிக் காவல், கூட்டமாகக் கொட்டில், உண்ணி என்ற அதே கூட்டணிதான் இங்கும் அமைந்திருக்கிறது.

இந்த நோயின் சூது அதன் நடுக்கட்டத்தில் இருக்கிறது. உண்ணி கடித்து ஒன்று முதல் மூன்று வாரங்களில் காய்ச்சலும் சோர்வும் வந்து, பல நாய்களில் தானாகவே தணிந்துவிடும். ‘உண்ணிக் காய்ச்சல் போய்விட்டது’ என்று எல்லோரும் நிம்மதியடைவார்கள். கிருமியோ மண்ணீரலில் பதுங்கியிருக்கும். மாதக்கணக்கில், சில நாய்களில் ஆண்டுக்கணக்கில், வெளியே எதுவும் தெரியாது. பிளேட்லெட் மட்டும் சற்றுக் குறைந்தே இருக்கும். பிறகு ஒரு நாள் ஈறு வெளுக்கிறது, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தோன்றுகின்றன, அல்லது வேறெந்த அறிகுறியும் இன்றிக் கண்ணில் ரத்தம் இறங்குகிறது. உண்ணி கடித்ததற்கும் பார்வை போனதற்கும் இடையே இவ்வளவு காலம் கழிந்துவிடுவதால் இரண்டையும் யாரும் இணைத்துப் பார்ப்பதில்லை. கண்ணுக்குள் நடப்பதும் ஒரே வழியில் நடப்பதில்லை. பிளேட்லெட் குறைவால் கசிவு, குழாய்ச் சுவரின் அழற்சி, ரத்தத்தில் குளோபுலின் புரதம் பெருகி ரத்தமே கெட்டியாகி ஓட்டம் தடைபடுதல் என மூன்றும் தனித்தும் சேர்ந்தும் விழித்திரையைத் தாக்குகின்றன.

பார்வை குறைவதை நாய் மிகத் திறமையாக மறைக்கும். பழகிய வளாகத்தில் மோப்பமும் காதும் போதும் அதற்கு. ஆகவே வீட்டிலோ ஆலையிலோ செய்யக்கூடிய சோதனைகள் அந்த இரண்டையும் ஏமாற்றுவதாக இருக்க வேண்டும். சிறு பஞ்சு உருண்டையை நாயின் முகத்துக்கு முன்னால் மேலிருந்து விழவிடுங்கள். பஞ்சுக்குச் சத்தமும் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி மணமும் இல்லை. பார்வையுள்ள நாயின் கண் அதன் பின்னால் போகும். சலித்துக்கொள்ளும் நாயும் உண்டு என்பதால் இரண்டு மூன்று முறைக்கு மேல் செய்ய வேண்டாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றதைத் தனியாகவும் பாருங்கள். ஒரு கண் மட்டும் போன நாய் யாருக்கும் தெரியாமல் பல மாதம் காவல் காக்கும். கையை முகத்தருகே வீசிப் பார்ப்பதானால் காற்று படாமல் வீசுங்கள், மீசை முடியில் காற்று பட்டாலே நாய் கண் சிமிட்டும். நாற்காலி, பெட்டி, டயர் ஆகியவற்றை இடம் மாற்றி வைத்து, பகலில் ஒருமுறை, மங்கல் ஒளியில் ஒருமுறை நடத்திப் பாருங்கள். இருட்டில் மட்டும் தடுமாறினால் மெதுவாக வளரும் பரம்பரைச் சிதைவின் மேல் சந்தேகம் போக வேண்டும். இரண்டிலும் ஒரே நாளில் தடுமாறத் தொடங்கியிருந்தால் இந்த அத்தியாயம் பேசும் அவசரம் அதுதான். கண்மணி விரிந்தே நின்று, டார்ச் ஒளிக்குச் சுருங்காமல் இருந்தாலும், கண்ணின் முன்னறையில் செம்மை தெரிந்தாலும், ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

மருத்துவரின் மேசையில் வரிசை முக்கியம். கண்மணியை விரிக்கும் டிராபிகமைடு சொட்டு விடுவதற்கு முன்பே கண்மணியின் ஒளி எதிர்வினையைப் பார்த்துவிட வேண்டும், கண்ணழுத்தத்தையும் அளந்துவிட வேண்டும். சொட்டு விட்ட பிறகு எதிர்வினையைச் சோதிப்பது வீண். அழுத்தம் ஏறிய கண்ணில் அதை விடுவதோ ஆபத்து. ஒரு சதவீத டிராபிகமைடு விட்டுக் கால் மணி முதல் இருபது நிமிடம் பொறுத்தால் கண்மணி நன்றாக விரியும். விலையுயர்ந்த கருவி இல்லாமல் விழித்திரையைப் பார்க்க முடியாது என்ற தயக்கம் இளம் மருத்துவர்களிடம் உண்டு. மனிதக் கண் மருத்துவர்கள் வைத்திருக்கும் 20 டயாப்டர் குவிவில்லை ஒன்றும், கண்ணருகே பிடித்த ஒரு நல்ல ஒளியும் போதும். வில்லையை நாயின் கண்ணுக்கு முன்னால் சில சென்டிமீட்டர் தொலைவில் பிடித்து, கை நீளத்துக்குப் பின்னால் நின்று பார்த்தால் தலைகீழான, அகன்ற காட்சி கிடைக்கும். கைபேசியின் கேமராவும் ஃபிளாஷும் இதே வேலையைச் செய்யும், படமும் பதிவாகும். அந்தப் படத்தை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பி ஆலோசனை கேட்கலாம் என்பது கூடுதல் லாபம். வில்லையில் சாம்பல் நிற முக்காடு போலத் தொங்கும் படலம் தெரிந்தால் அது பிரிந்த விழித்திரை. சிவப்புத் தீற்றல்கள் ரத்தக்கசிவு. பின்சுவரின் பிரதிபலிப்பு மிகையாகி, ரத்தக்குழாய்கள் நூலாக மெலிந்திருந்தால் பழைய சிதைவு. கண்ணுக்குள் ரத்தம் நிறைந்து எதுவும் தெரியாவிட்டால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், பிரிந்த விழித்திரையைக் கோடாகக் காட்டிக்கொடுக்கும்.

இதுவரை கண்ணைப் பார்த்தாயிற்று. இனி ரத்தம். முழு ரத்த எண்ணிக்கையில் பிளேட்லெட் மைக்ரோலிட்டருக்கு ஏறக்குறைய இரண்டு லட்சத்துக்குக் கீழே இருந்தால் கவனிக்க வேண்டும். இயந்திரம் தரும் எண்ணை மட்டும் நம்பாமல், கண்ணாடித் தகட்டில் ரத்தப் பூச்சு போட்டுப் பார்த்தால் கட்டிதட்டிய பிளேட்லெட்டால் வரும் பொய்க்குறைவு விலகிவிடும். கூடவே பபீசியா போன்ற வேறு உண்ணிக் கிருமிகளும் தென்படலாம். எர்லிக்கியாவைப் பூச்சில் கண்ணால் காண்பது அரிது. காணவில்லை என்பதால் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. மொத்தப் புரதம், குளோபுலின், கிரியேட்டினின், சர்க்கரை, சிறுநீரில் புரதம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். உண்ணி நிறைந்த ஊரில் நலமாகத் திரியும் நாய்களிடமும் எர்லிக்கியா எதிர்ப்பொருள் இருக்குமே, சோதனைப் பட்டையில் கோடு விழுந்ததை வைத்து விழித்திரைக்கும் அதுவே காரணம் என்று எப்படிச் சொல்வது? சொல்ல முடியாது. எதிர்ப்பொருள் சோதனை காட்டுவது கிருமி என்றோ ஒரு நாள் வந்துபோனதை மட்டுமே. கோடு விழுந்தது, பிளேட்லெட் சரிந்திருக்கிறது, குளோபுலின் ஏறியிருக்கிறது, இரு கண்களிலும் கசிவு இருக்கிறது என நான்கும் ஒரே திசையில் கைகாட்டும்போதுதான் முடிவு வலுப்பெறுகிறது. கிருமியின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர். சோதனை இன்னும் உறுதியானது. அதற்கான ரத்தத்தை டாக்சிசைக்ளின் மாத்திரை தொடங்குவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். மாத்திரை தொடங்கியபின் எடுத்த மாதிரி, கிருமி இருந்தும் இல்லை என்று சொல்லிவிடக்கூடும். ரத்தத்தை எடுத்து வைத்துவிட்டால், முடிவு வரும்வரை மருந்தை நிறுத்திவைக்கத் தேவையில்லை. அன்றே தொடங்கலாம்.

மிக அதிகமாக விட்டுப்போகும் சோதனை ரத்த அழுத்தம்தான். மனிதர்களுக்குத் தலைவலி என்றாலே கையில் பட்டை கட்டும் நம் ஊரில், கண்ணில் ரத்தம் இறங்கிய நாய்க்கு அழுத்தம் அளக்கத் தோன்றுவதில்லை. நாட்பட்ட சிறுநீரக நோய், குஷிங் நோய், அட்ரினல் கட்டி ஆகியவை நாயின் அழுத்தத்தை ஏற்றும். எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ், மழைநீர் தேங்கும் நம் தாழ்நிலங்களில் நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டுப் போகும் நோய்களில் முக்கியமானது. எர்லிக்கியாவும் சிறுநீரக வடிகட்டிகளைக் காயப்படுத்தக்கூடியதே. ஆகவே கிருமி உறுதியான நாய்க்கும் அழுத்தம் அளந்தே ஆக வேண்டும். மேல் அழுத்தம் 160 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் உறுப்புச் சேதத்துக்கு வாய்ப்பு மிதமாகவும், 180-ஐத் தாண்டினால் அதிகமாகவும் இருப்பதாகக் கொள்வது சர்வதேச வழக்கம். அளப்பதில் பொறுமை வேண்டும். பட்டையின் அகலம் காலின் சுற்றளவில் ஏறக்குறைய 40 சதவீதம் இருக்க வேண்டும். நாய் அமைதியடைய ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டு, முதல் அளவைத் தள்ளி, அடுத்த ஐந்தாறு அளவுகளின் சராசரியை எடுக்க வேண்டும். கிளினிக் வாசலில் குரைத்துக்கொண்டிருந்த நாயைத் தூக்கிவந்து உடனே அளந்த எண்ணுக்கு மதிப்பில்லை. உயர் அழுத்தம் உறுதியானால், மனிதர்களுக்குத் தரும் அதே அம்லோடிபின் மாத்திரைதான், உடல் எடையில் கிலோவுக்கு 0.1 முதல் 0.25 மி.கி. வரை தினம் ஒருமுறை. சிறுநீரில் புரதம் போகும் நாய்களுக்கு இதனுடன் எனாலப்ரில், பெனாசெப்ரில் வகை மருந்தும் சேரும். விலை மலிவு. உரிய நேரத்தில் தொடங்கினால் தொங்கிக்கொண்டிருந்த விழித்திரை மீண்டும் ஒட்டுவதைக் காணலாம். விழித்திரை நோய்களில் இப்படி எளிய மருந்துக்குக் கட்டுப்படுவது வேறு அதிகம் இல்லை.

உண்ணியும் அழுத்தமும் காரணமில்லை என்றால் கிடங்கை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசி ஆலை, தீவனக் கிடங்கு, உணவுப் பொருள் கிடங்கு என எங்கும் எலிக்கு வைக்கும் புரோமடியோலோன் வகை மருந்து ரத்தத்தை உறையவிடாமல் செய்து கொல்வது. நாய் அந்தக் கட்டியைத் தின்றாலோ, தின்ற எலிகளைத் தொடர்ந்து தின்றாலோ, மூன்று முதல் ஐந்து நாள் கழித்து ரத்தக்கசிவு தொடங்கும். அது கண்ணிலும் இறங்கலாம். இதில் பிளேட்லெட் ஓரளவு சரியாக இருக்கும், உறைவு நேரம் நீண்டிருக்கும். உண்ணி நோயிலிருந்து இதைப் பிரித்தறிய இந்த ஒரு வேறுபாடு போதும். வைட்டமின் கே1 பல வாரம் தர வேண்டியிருக்கும். கண்ணாடிவிரியன் கடியும் உறைவைக் குலைக்கும், ஆனால் அதில் கடித்த இடத்தில் வீக்கமும் மற்ற அறிகுறிகளும் முந்திக்கொள்ளும்.

நாமே உண்டாக்கும் குருட்டுத்தனம் ஒன்றும் இருக்கிறது. உண்ணியை ஒழிக்க மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசியை நாய்க்குப் போடும் வழக்கத்தைச் சொல்கிறேன். ஒரு சதவீதக் கரைசலில் 1 மி.லி.க்கு 10 மி.கி. இருக்கிறது. 50 கிலோ மாட்டுக்கன்றுக்கு 1 மி.லி. என்பது கிலோவுக்கு 0.2 மி.கி. கணக்கு. ‘சும்மா அரை மி.லி.தான்’ என்று 5 கிலோ குட்டிக்குப் போட்டால் அது கிலோவுக்கு 1 மி.கி., மாட்டுக்கான அளவைப்போல் ஐந்து மடங்கு. அளவு மிஞ்சினால் கண்மணி விரிந்து, விழித்திரையில் நீர் கோத்து, நாய் தள்ளாடிப் பார்வை இழக்கும். கோலி இனத்து ரத்தம் கலந்த நாய்களில் இன்னும் குறைந்த அளவே நரம்பு நச்சாகிவிடும். நல்ல செய்தி, ஆதரவுச் சிகிச்சையில் இந்தப் பார்வையிழப்பு பெரும்பாலும் சில நாள் முதல் சில வாரத்தில் சரியாகிறது. ஊசி போட்டதை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொல்லாவிட்டால் அவர் இல்லாத நோய்களைத் தேடி நாளை வீணாக்குவார்.

எர்லிக்கியாவுக்கான சிகிச்சை டாக்சிசைக்ளின், கிலோவுக்கு 10 மி.கி. தினமும், ஒரே வேளையாகவோ இரண்டாகப் பிரித்தோ, 28 நாட்கள். 20 கிலோ நாய்க்கு 200 மி.கி. மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாக்கும் என்பதால் சோற்றோடு கொடுத்துத் தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும். ஒரு வாரத்தில் நாய் துள்ளத் தொடங்கும். பத்தாம் நாள் மாத்திரை நின்றுபோவது அதனால்தான், நோய் பதுங்கித் திரும்புவதும் அதனால்தான். கிருமி நோயில் ஸ்டீராய்டா என்ற கேள்வி நியாயமானதே. தனியாக ஸ்டீராய்டு கொடுத்தால் தவறு. டாக்சிசைக்ளினின் காவலில், கிலோவுக்கு அரை முதல் ஒரு மி.கி. பிரெட்னிசோலோன் குறுகிய காலம் கொடுப்பது அழற்சியைத் தணித்து விழித்திரைக்குக் கீழே கோத்த நீரை வற்றவைக்க உதவும். கண் முன்பகுதியிலும் அழற்சி இருந்தால், கருவிழியில் புண் இல்லை என்று சாயமிட்டு உறுதிசெய்தபின் பிரெட்னிசோலோன் சொட்டு விடலாம். சொட்டு மருந்துக்கு உரிய இடம் இதுதான். வலிக்கு என்று ஆஸ்பிரின், மெலாக்சிகாம் போன்றவற்றைக் கொடுக்க வேண்டாம். பிளேட்லெட் குறைந்த நாயில் அவை கசிவைக் கூட்டும், ஸ்டீராய்டோடு சேர்ந்தால் குடலில் புண் வரும். ஒரு வாரத்திலும் சிகிச்சை முடிந்ததும் ரத்தத்தையும் விழித்திரையையும் மறுபடி பார்க்க வேண்டும்.

இந்தத் தொழிற்பகுதியில் அடிக்கடி கேட்கும் மறுப்பு, ‘இதெல்லாம் ஃபர்னஸ் புகையால் வருவது’ என்பது. புகைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. உருக்காலைத் தூசியும் புகையும் இமையையும் கருவிழியையும் உறுத்திச் சிவக்க வைக்கும், பூளை தள்ளும், கண்ணீர் வற்றச் செய்யும். இவையெல்லாம் கண்ணின் முன்வாசலில் நடப்பவை. கருவிழியும் வில்லையும் தாண்டிப் பின்சுவரில் மட்டும் ரத்தம் கசியவைக்கும் வழி புகைக்கு இல்லை. வெல்டிங் ஒளியின் புற ஊதாக் கதிரைக் கருவிழியும் வில்லையும் பெரும்பாலும் தடுத்துவிடுகின்றன. அதனால் வெந்துபோவது கருவிழிதான், நாய் கண்ணைத் திறக்கவே முடியாமல் தவிக்கும். விழித்திரை நோயிலோ பெரும்பாலும் வலி இருக்காது. ஈயம் மட்டும் விதிவிலக்காகப் பேச வேண்டியது. பழைய பேட்டரி உடைக்கும் இடத்துக்கு அருகே வளரும் நாய்க்கு ஈயநஞ்சு ஏறினால் பார்வை போகலாம். ஆனால் அது மூளை வழியாக வருவது, வாந்தியும் வயிற்றுவலியும் வலிப்பும் கூட வரும், கண்மணி ஒளிக்குச் சுருங்கும். சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்லலாம். ஆக, இந்த மறுப்பும் நம்மை ரத்தப் பரிசோதனைக்கே கொண்டுவந்து விடுகிறது.

இரண்டாவது மறுப்புக்கு எடை அதிகம். லாப்ரடார், காக்கர் ஸ்பேனியல், பூடில் இனங்களில் பரம்பரையாகவே விழித்திரை சிதைகிறதே? உண்மை. பி.ஆர்.சி.டி. என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் வரும் சிதைவு இந்த மூன்று இனங்களிலும் உண்டு. தாய் தந்தை இருவரும் வெளியே நோய் தெரியாத கடத்திகளாக இருந்தால் குட்டிகளில் நான்கில் ஒன்றுக்கு நோய் வரலாம். இரவுப் பார்வை முதலில் போய், பகல் பார்வை மாதங்கள், ஆண்டுகள் கழித்துப் போகும். கடைசிக் கட்டத்தில் புரையும் சேர்ந்துகொள்வதால் புரையே காரணம் என்று அறுவை சிகிச்சைக்குப் பணம் கட்டுவோர் உண்டு. விழித்திரையின் மின் துடிப்பை அளக்கும் இ.ஆர்.ஜி. சோதனை இல்லாமல் புரை அறுவைக்குச் சம்மதிக்காதீர்கள். பரம்பரைச் சிதைவு மெதுவானது. திடீரென வருவதில் காரணம் இன்னும் தெளிவாகாத நோயும் ஒன்று இருக்கிறது. நடுவயதில், உடல் பருத்து, தண்ணீரும் சோறும் அதிகம் கேட்கும் நாய்க்குச் சில நாட்களில் முழுப் பார்வையும் போகும். விழித்திரை பார்வைக்கு இயல்பாகவே தெரியும், இ.ஆர்.ஜி. மட்டும் தட்டையாக இருக்கும். அதற்கு நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இன்றும் இல்லை. ஆக என் வாதம் எல்லா நாய்க்கும் பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதை முதலில் தேட வேண்டும் என்பதை இது மாற்றுவதில்லை. குணப்படுத்த முடிந்த நோய்க்குக் கெடு சில நாள்தான். முடியாத நோயை அடுத்த மாதம் கண்டுபிடித்தாலும் நாய்க்கு இழப்பு இல்லை. மரபணுச் சிகிச்சையைப் பற்றிக் கேட்போருக்கு: 2001-ல் பிறவிக் குருடான பிரியார்டு இன நாய்களுக்கு அமெரிக்காவில் பார்வை வந்தது, அதே வழியில் உருவான மருந்துக்கு 2017 டிசம்பரில் மனிதர்களுக்கான அனுமதியும் கிடைத்தது. நாய்கள் நமக்குக் கொடுத்த அந்த மருந்து, நாய்களுக்காகக் கடைக்கு வரவில்லை.

செலவைப் பற்றிய மறுப்பை ஒதுக்கிவிட முடியாது. ஆலை நாய்க்கு யார் பணம் தருவது என்பது செக்யூரிட்டி ஊழியர் ஒவ்வொருவரும் சந்திக்கும் கேள்வி. ஆனால் மேலே சொன்னவற்றில் பஞ்சு உருண்டைச் சோதனைக்குச் செலவில்லை, ரத்த எண்ணிக்கையும் பூச்சும் எளியவை, டாக்சிசைக்ளினும் அம்லோடிபினும் மனித மருந்துக் கடையில் மலிவாகக் கிடைப்பவை. அருகிலுள்ள அரசுக் கால்நடை மருந்தகத்தில் தொடங்கி, கண் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவது நடைமுறையில் ஆகக்கூடியதே. 1903-ல் தொடங்கிய அந்தக் கல்லூரி கும்மிடிப்பூண்டியிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் 50 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. பார்வை போன நாயைப் புறநகர் ரயில் கூட்டத்தில் இழுத்துப்போக முடியாது. ஆலையின் சரக்கு வண்டி சென்னைப் பக்கம் போகும்போது அதில் ஒரு கூடைக்கு இடம் கேட்டுப் பாருங்கள்.

சிகிச்சை பெற்ற நாயை அதே கொட்டிலுக்கு அனுப்புவதானால் கொட்டிலையும் சிகிச்சைக்கு உட்படுத்த வேண்டும். பழுப்பு உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை, சுவரில்தான் கழிக்கிறது. மேல்பூச்சு இல்லாத ஹாலோ பிளாக் சுவரின் இடுக்கும், தகரக் கூரையின் மடிப்பும் அதற்கு வீடு. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ரத்தம் குடிக்காமலே பல மாதம் காத்திருக்கும். எர்லிக்கியா முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போவதில்லை, நோயுற்ற நாயைக் கடித்த உண்ணிதான் அடுத்த நாய்க்குக் கொண்டுபோகும். ஒரு நாய்க்கு மட்டும் மருந்து கொடுத்துப் பயனில்லை என்பது இதிலிருந்து புரியும். கொட்டிலின் எல்லா நாய்களுக்கும், வாசலில் சோறு தின்ன வரும் தெருநாய்களுக்கும் சேர்த்தே உண்ணி மருந்து தர வேண்டும். அஃபாக்சோலனர், ஃப்ளூரலனர் போன்ற மாத்திரைகள் பெரும்பாலான நாய்களுக்கு ஏற்றவை, வலிப்பு வந்த வரலாறு உள்ள நாய்க்கு மட்டும் மருத்துவரைக் கேட்டபிறகு. சுவர் இடுக்குகளைச் சிமென்டால் அடைத்துப் பூசி, டெல்டாமெத்ரின் தெளித்து, இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி தெளிக்க வேண்டும், தெளிக்கும்போது நாய்களும் தண்ணீர்ப் பாத்திரங்களும் வெளியே இருக்கட்டும். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் நாட்டு நாய்கள், அவற்றுக்கு உண்ணி நோய் வராது என்று நம்பி விட்டுவிட வேண்டாம். ஜெர்மன் ஷெப்பர்டில் நோய் கடுமையாக இருக்கும் என்பது, மற்றவை தப்பிக்கும் என்றாகிவிடாது.

பார்வை திரும்பாத நாயைக் காவலிலிருந்து விடுவிப்பதே முறை, விரட்டிவிடுவது அல்ல. தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய வாசலிலிருந்தும் ஃபோர்க்லிஃப்ட் ஓடும் பாதையிலிருந்தும் அதை உள்பக்கத்துக்கு மாற்றுங்கள். சோற்றுத் தட்டும் தண்ணீரும் படுக்கையும் ஒருமுறை வைத்த இடத்திலேயே இருக்கட்டும். குழி, திறந்த வடிகால், படிக்கட்டு ஆகியவற்றின் முன் ரப்பர் மேட் போன்ற வேறு தரையை விரித்தால் பாதம் எச்சரிக்கையாகிவிடும். கிட்டே போகுமுன் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத் தொட வேண்டும், திடுக்கிட்ட நாய் பழகியவரையும் கடிக்கும். வெள்ளை ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு அறியப்பட்ட குறை என்பதால், அத்தகைய நாய் பார்வையும் இழந்தால் பெயர் சொல்லிப் பயனில்லை. கட்டிலையோ தரையையோ தட்டி அதிர்வைக் கொடுத்து, கையை முதலில் முகரக் கொடுத்து, அதன் பிறகே தொட வேண்டும். இரவு ஷிப்டுக்குப் புதிதாக வரும் காவலருக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.